முழுச் சுகம் கேட்டேன், படகேற வழி கிடைத்தது

எழுதத் துணிந்ததற்கு என்னை மன்னியுங்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாலே தலை குனிந்துவிடுவேன். சொல்லப்போவதோ மலத்தைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

1982 மழைக்காலத்தில் எனக்கு மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். அறுத்தார்கள். மலம் போக வயிற்றில் பை வைக்காமலே குடலைச் சேர்த்துவிட்டோம், நீ பாக்கியசாலி என்றார் டாக்டர். உயிர் மிஞ்சியது. அதற்கு ஸ்தோத்திரம்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அடக்கவே முடியவில்லை. போய் வந்து உட்காருமுன் மறுபடி வரும். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கு வேலையை விட்டேன். எங்கள் தமிழ்ச் சபை எறணாகுளத்தில். படகில் காயலைக் கடக்க வேண்டும். நடுக்காயலில் எங்கே போவது? ஞாயிறுதோறும் படகுத்துறை வரை நடந்து, படகு புறப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தச் சபையை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

முழுச் சுகம் கேட்டு உபவாசம் இருந்தேன். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர். மாலையில் ஜெபித்து முடித்ததும் கடுஞ்சாயாவும், கப்பைக்கிழங்கும், மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். மறுநாள் இன்னும் மோசமாகும். என் விசுவாசம் போதவில்லை என்று மறுபடி உபவாசம்.

சபையிலிருந்து பார்க்க வந்த ராகேல் அக்கா, "முழுசா சொகமானதும் வந்து சாட்சி சொல்லு. அதுவரைக்கும் வீட்லயே ஜெபம் பண்ணு" என்றார்.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரோடு சண்டை போட்டேன். "சொகம் தரலேன்னா போகட்டும். உம்ம வீட்டுக்கு வர ஒரு வழியைக் காட்டும். காட்டாம விடமாட்டேன்."

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி நர்ஸ், என்ன சாப்பிடுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்டதில்லை. உபவாசத்தையும் கர்த்தரோடு போட்ட சண்டையையும் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"சேச்சி, பட்டினி கிடந்தா குடல் அடங்காது கேட்டோ. பிணக்கம் தெய்வத்தோடதானே? குடலோட எதுக்கு?"

மலம் தங்கும் இடம் இப்போது சிறிதாகிவிட்டது, அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரமாக வருகிறது என்று விளக்கினாள். நேரம் தவறாமல் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னாள். காலைக் கஞ்சிக்குப் பிறகு அவசரமில்லாமல் உட்காரவும், ஆசனவாயை இறுக்கிப் பிடித்து விடவும் பழக்கினாள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நானேதான் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். கடுஞ்சாயாவும் மிளகாயும் எனக்கு ஆகவில்லை. மாதங்கள் போயின. நிற்கவில்லை. ஆனால் எப்போது வரும் என்று தெரிய ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு சீக்கிரமே கஞ்சி குடித்து, உட்கார்ந்து முடித்து, துணி வைத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன்.

"போட்டை நடுவுல நிறுத்தச் சொல்லணுமா?" என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர்.

"நிறுத்தினா நிறுத்தட்டும்" என்று ஏறினேன். அக்கரை போய்ச் சேர்ந்தேன்.

சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வந்துவிட்டது. வெளியே போனேன். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றேன்.

"போதும்மா, உட்காரு" என்றார் ராகேல் அக்கா.

"மீதி இருக்குக்கா" என்றேன். மீதியையும் சொன்னேன்.

முழுச் சுகம் வரவில்லை. என் ஜெபம் கேட்கப்பட்டது. இரண்டும் உண்மை. உங்களில் யாராவது இந்த வெட்கத்தோடு வீட்டுக்குள் இருந்தால், சண்டை போட்டாவது கர்த்தரிடம் கேளுங்கள். நர்ஸிடமும் வாய் திறந்து கேளுங்கள். கர்த்தர் நம் உடம்பைக் கண்டு கூசுகிறவர் அல்ல. சபைக்கு வாருங்கள். கதவோரம் என் பக்கத்தில் இடம் இருக்கிறது.

சாட்சி சொன்ன மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மூன்று தடவை போனேன். பிறகு கிடங்கில் போய் வேலை கேட்டேன். வரச் சொன்னார்கள்.