சிவப்பு நூலைத் தாண்டாதவள்

சாயத்தில் ஊறிய நூலின் வாடைதான் அந்த நாவலுக்கு இருந்தது. காத்தான்குடியில் நசீராவின் வீட்டுக் கைத்தறிக்குப் பக்கத்தில், நெய்து மடித்த சாரக் கட்டுகளுக்கு நடுவே கிடந்த புத்தகம் அது. முன்னட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டதால் அதன் பெயரும் எங்களுக்குத் தெரியாது, எழுதியவரின் பெயரும் தெரியாது. நசீராவின் வாப்பா பச்சைத் துணி ஒட்டிக் கட்டிக் கொடுத்ததால் "பச்சைப் புத்தகம்" என்றே சொல்லிக்கொண்டோம். பிள்ளைகளின் தமிழ்க் கொப்பிகளைத் திருத்தித் திருத்தியே கண் மங்கிப்போன இந்த வயதில், நல்ல நல்ல நாவல்களின் கதையெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் வேறு வேறு பள்ளிக்கூடம். உயர்தரப் பரீட்சைக்காகக் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனில் ஒரு ரியூசன் வகுப்பில் ஒரே வாங்கில் அடுத்தடுத்து இருந்ததால் சினேகிதமானோம். நசீரா காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் கல்லடி. தவமணி வெல்லாவெளியில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. படிப்பதற்காகக் கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலேயே அவளுடைய மாமி வீட்டில் தங்கியிருந்தாள். மூவரிலும் கெட்டிக்காரி அவள்தான், வாய் பேசாதவளும் அவள்தான்.

ஒரு புத்தகத்தை மூன்று பேர் வாசிப்பதற்கு நான் சட்டம் போட்டேன். நசீராவுக்கு வாயில் கதை தங்காது, முடிவை உளறிவிடுவாள் என்ற பயத்தில் போட்ட சட்டம். அவளுடைய தறியிலிருந்து ஒரு முழச் சிவப்பு நூலைப் புத்தகத்துக்குள் வைப்போம். நூல் இருக்கிற பக்கத்தை யாரும் தாண்டக் கூடாது. ஆளுக்கு இரண்டு நாள். வாசித்ததைப் பற்றி வாயால் ஒரு சொல் கதைக்கக் கூடாது, புத்தகத்தோடு கூடவே சுற்றிவந்த ஒரு கொப்பியில்தான் எழுத வேண்டும். மூவரும் எழுதி முடித்த பிறகே நூல் அடுத்த இடத்துக்கு நகரும். அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "வாசிச்சி வாசிச்சி என்னத்தக் கண்டாய், சோறு அடிப்புடிச்சதுதான் மிச்சம்" என்பா.

கதை பெரிய கதை ஒன்றுமில்லை. சொந்தக்காரர் வீட்டில் வளர்கிற ஒரு பெண், படிக்க ஆசை, அவளுக்குப் பிடிக்காத ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பேசுகிறார்கள், அவள் வாயே திறக்கவில்லை. நசீரா கொப்பியில் பக்கம் பக்கமாக அழுதிருந்தாள். நானோ அன்றே பெரிய விமர்சகி. "இவள் பெண்ணா, சோளக்கொல்லைப் பொம்மையா? இப்படி ஒரு ஊமையை வைத்து எதற்காக இருநூறு பக்கம்?" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். அதன் கீழே தவமணியின் சின்ன எழுத்து: "சோறு போடுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?" அடுத்த சுற்றில்: "அவளுக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை." அதற்கும் அடுத்த சுற்றில்: "அவளுக்கு ஒரு சினேகிதி இருந்திருந்தால் அவளிடமாவது சொல்லியிருப்பாள், இல்லையா?"

எனக்கு அது அருமையான கேள்வியாகப் பட்டது. உடனே பதில் எழுதினேன். "உண்மை. கதாசிரியர் அவளுக்கு ஒரு சினேகிதியை வைக்க மறந்துவிட்டார்."

கொப்பி நசீராவின் கைக்குப் போய்த் திரும்பி வந்த அன்று, பஸ் ஏறப்போனவள் என்னைத் தனியே இழுத்தாள். "இது கதைய வாசிச்சி எழுதின மாதிரி இல்லகா. நீதானே அவளோட நடந்து போறாய், என்னெண்டு கேளு." எனக்குக் கோபம் வந்தது. சட்டம் என்றால் சட்டம், வாயால் கதைக்கக் கூடாது என்றேன். அன்று பின்னேரம் தவமணியும் நானும் பாலத்தை நடந்தே கடந்தோம். அவள் இரண்டு தரம் நின்று வாவியைப் பார்த்தாள். "என்னகா?" என்றேன். "ஒண்டுமில்ல" என்றாள். அந்தப் பாலம் சின்னப் பாலம் இல்லை, கேட்க நேரம் இருந்தது. நான் சோதனைக்கு வரக்கூடிய கேள்விகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த கிழமை வாங்கில் அவளுடைய இடம் காலி. அவள் மாமி வீட்டுக்குப் போனேன். பச்சைப் புத்தகத்தையும் கொப்பியையும் மாமி என் கையில் தந்தா. "புள்ளய ஊருக்குக் கூட்டிப் போயிட்டாங்க மகள். என்ர மகனுக்குத்தான் பேசியிருக்கு, வெள்ளாம வெட்டி முடிய கலியாணம்." எங்கள் பக்கம் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான், தவமணியின் வட்டை வயல் காணி வேறு குடும்பத்துக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் விசயம். "சோதனை எழுதல்லையா மாமி?" என்றேன். "பொறுத்தார் பூமியாள்வார்" என்றா மாமி. ஒன்பது ஏக்கர் பூமி. சொன்னது பிழை என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன். என் பதிலுக்குக் கீழே ஒரே சொல்தான் எழுதியிருந்தாள். "ஓம்." புத்தகத்தில் சிவப்பு நூல் வைத்த இடத்திலேயே இருந்தது. போகிற அன்றுகூட அவள் அதைத் தாண்டவில்லை. நான் நூலை உருவி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். கடைசியில் அந்தப் பெண் தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டாள். அதற்கு நாலே வரி. வெட்கத்தில் அழுதேன். வெல்லாவெளிக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

கடல் வீட்டுக்குள் வந்த அன்று புத்தகமும் கொப்பியும் போய்விட்டன. நசீரா இப்போது மகனோடு கட்டாரில். தான் வாசித்ததைப் பற்றி இன்னொருவரிடம் கொப்பியில் எழுதிக் கேட்கிற பழக்கம் என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் இல்லை, அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கும் தெம்பு இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் தரிப்பிடத்தில் தவமணியைக் கண்டேன். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்திருந்தாள். நான் பிறசர் மருந்துக்கு. பேரப்பிள்ளைகள், வெள்ளாமை, முழங்கால் நோவு என்று எல்லாம் கதைத்தோம். சொல்ல வேண்டியதை மட்டும் என்னால் தொடங்க முடியவில்லை. திடீரென்று அவளே கேட்டாள். "அந்தப் பச்சைப் புத்தகம் கடைசியில என்னெண்டுகா முடிஞ்சிது? நான் நூல் வெச்ச இடத்தோட நிண்டுட்டன்."

கதையில் இல்லாததை எழுதிய பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் சுழி போட்டவள் நான். "கலியாணத்துக்கு முதல் நாள் வாயத் திறந்து மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள். மறுகா படிக்கப் போயிட்டாள்" என்றேன்.

"அப்பிடியெண்டா அவளுக்கு ஆரோ ஒரு சினேகிதி இருந்திருக்கா" என்றாள்.

"ஓம்" என்றேன். வெல்லாவெளி பஸ் வந்தது. அவளுடைய மருந்துப் பையைத் தூக்கி உள்ளே கொடுத்தேன்.