மதரின் பீரோ சாவி

ஊரடங்கு அறிவித்த மறுநாளே எங்கள் மதர் எல்லாருடைய செல்போனையும் வாங்கி, அலுவலக அறையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். செய்தியைப் பார்த்துப் பார்த்து மனசு கெட்டுப்போகும், பணியில் கவனம் சிதறும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்குக் கால் மணி நேரம் போன் கிடைக்கும். சாவி அவர் இடுப்பில் ஜெபமாலையோடு சேர்ந்து தொங்கும். அவர் வருவதற்கு முன்னால், சாவி சிலுவையில் மோதுகிற சத்தம் வரும்.

பொன்மலையில் ரயில்வே குடியிருப்பைத் தாண்டி ஒரு சந்தில் எங்கள் மடம். மொத்தம் மூன்று பேர். தலைவியான மதர், சமையல் பார்க்கும் பெரிய சிஸ்டர், கடைக்குட்டி நான். துறவியாக வாழ்வேன் என்று ஆலயத்தில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. என் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. பஸ் ஓடினால் ஒரு பகல் பயணம். பஸ் ஓடாதபோது ஊரும் அமெரிக்காவும் எனக்கு ஒன்றுதான்.

விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவோம். மண்ணச்சநல்லூர் மில்காரர் ஒருவர் அரிசி மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தார். சாம்பார் சாதம் கிளறி, பொட்டலம் கட்டி வேனில் ஏற்றினால், மதர் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோவார். கோயில் வாசலை நம்பிப் பிழைத்தவர்கள் வாசல் அடைத்ததும் சோற்றுக்கு வழியில்லாமல் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். மதர் ஒரு நாள்கூடத் தவறாமல் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனாலேயே அவர்மேல் கோபப்படுவது கஷ்டமாக இருந்தது. கஷ்டப்பட்டுத்தான் கோபப்பட்டேன்.

எனக்கு ஒரே தங்கச்சி. ஒருமுறை தள்ளிப்போன அவள் கல்யாணத்தை இருபது பேரை மட்டும் வைத்து நடத்திக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது. பத்தரை மணிக்குப் பூசை. போக முடியாது, சரி. போனில் பார்க்கலாம் அல்லவா? ஒரு வாரம் முன்னாலேயே மதரிடம் கேட்டேன்.

"இதுக்கு என்ன சிஸ்டர், பத்து மணிக்கு எடுத்துத் தரேன். நானும் கூட உக்காந்து பாக்கிறேன்" என்றார்.

கல்யாணத்தன்று பொட்டலமெல்லாம் கட்டி முடித்துவிட்டு இரண்டாம் தடவை குளித்தேன். இஸ்திரி போட்ட அங்கியைப் போட்டுக்கொண்டு அலுவலக அறைக்குப் போனால் மதரைக் காணவில்லை. பெரிய சிஸ்டர்தான் விஷயத்தைச் சொன்னார். காவிரிப் பாலத்தில் இன்றைக்குக் கெடுபிடி அதிகம் என்று தகவல் வந்ததாம், மதர் அவசரமாக வேனில் ஏறிப் போய்விட்டாராம்.

"சாவி?"

"அவங்க இடுப்புலதானே இருக்கும்."

பத்தே காலுக்கு பீரோவுக்குள் என் போன் அதிர ஆரம்பித்தது. சத்தம் வராமல் வைத்திருந்தேன். ஆனாலும் இரும்புத் தட்டில் அது உறுமுவது நன்றாகவே கேட்டது. நிற்கும். மறுபடி உறுமும். நான் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பிப் பார்த்தேன். பிறகு கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். பதினாறு தடவை. பதினாறாவதுக்குப் பிறகு அது அடிக்கவில்லை. தாலி கட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

மதர் ஒன்றரை மணிக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அட ஆண்டவரே, மறந்தே போயிட்டேன். அத்தனை பேரு பசியோட உக்காந்திருந்தாங்க சிஸ்டர். என்ன பண்றது, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடுங்க." சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி பேசினாள். "நீ எடுப்பன்னு சாமியாரைப் பத்து நிமிசம் காக்க வச்சோம்க்கா. பொறவு அவரு கோவப்பட்டுட்டாரு" என்றாள். புதுப்பெண் அழக்கூடாது என்று நான்தான் சிரித்துச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து பழிவாங்குவது ஒன்றுதான் என் தியானம். மதருக்கு வயிற்றுப்புண் உண்டு, காரம் ஆகாது. ரசத்தில் ஒரு கை மிளகு கூடுதலாகத் தட்டிப் போட்டேன். "தொண்டைக்கு இதமா இருக்கு, கொரோனாவுக்கு நல்லது" என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அவருக்குப் பிடித்த பாட்டை மாலை ஜெபத்தில் அபஸ்வரமாகப் பாடினேன். என் தொண்டைக்கும் ரசம் கொடுக்கச் சொன்னார். மனுஷி எதற்கும் அசையவில்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். என்றைக்காவது அவருக்கு ஒன்று நடக்கும். அவர் என்னிடம் வந்து நிற்பார். அப்போது நிதானமாக, "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடுங்க மதர்" என்று சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்தில் அந்த நாள் வந்தது. மதர் துறவறம் ஏற்று இருபத்தைந்து வருஷம் நிறைந்து வெள்ளி விழா. ஊரைக் கூட்டி நடத்த வேண்டியதை எங்கள் சிற்றாலயத்தில் ஒரே ஒரு ஃபாதரை வைத்து நடத்த வேண்டியதாயிற்று. திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் மதரின் அம்மா தனியாக இருந்தார். மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டான். மகளைப் பார்த்து ஐந்து வருஷம். கண்ணில் புரை வேறு.

"அம்மா பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. வீடியோ கால் உங்களுக்குத்தான் தெரியும். நல்லா பிடிச்சுக் காட்டுங்க சிஸ்டர்" என்று தன் போனை என் கையில் கொடுத்தார். நான் பயபக்தியோடு வாங்கிக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போன் போட்டேன். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதர் மெழுகுதிரியோடு எழுந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, வார்த்தைப்பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். நான் மைக்கை அணைத்தேன். கேமராவை என் பக்கம் திருப்பினேன். மகள் விழாவில் அந்த வீட்டுக்கு என் மூஞ்சிதான். நான் பார்த்த பீரோ கதவுக்கு அது எவ்வளவோ தேவலை.

அந்தக் கிழவியை நான் நினைத்தே பார்க்கவில்லை. என் குறி மதர்மேல்தான் இருந்தது. கிழவியோ முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். வெள்ளை அங்கி, முக்காடு, முகக்கவசம். தெரிந்தது கண் மட்டும்.

"வந்துட்டியா தாயி," என்றார். "எளச்சுப் போயிட்டியே." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏன் இப்படி மொறைக்கிற? எம்மேல கோவமா? மடத்துக்கு அனுப்ப மாட்டேன்னு சோறு திங்காம கெடந்தேனே, அதையா இன்னும் மனசுல வச்சிருக்க? ஒரு வார்த்த பேசு தாயி."

மைக்கைப் போட்டு, கவசத்துக்குள்ளேயே, "கோவம் இல்லம்மா" என்றேன். கிழவி அழுதுகொண்டே சிரித்தார். இனி தாங்காது என்று கேமராவைப் பீடத்தின் பக்கம் திருப்பினேன். அங்கே மதர், கையில் மெழுகுதிரி, கண்ணெல்லாம் தண்ணீராக நின்றார்.

கிழவி கொஞ்ச நேரம் பார்த்தார். "அது யாரு தாயி, மெழுகுதிரி பிடிச்சிக்கிட்டு நிக்கிற அம்மா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் மதர் நேராக என்னிடம் வந்தார். சாவி சிலுவையில் மோதியது. "அம்மா பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

மூன்று மாதமாகத் தீட்டி வைத்த வாக்கியம் தேவையே இல்லாமல் போய்விட்டது. அதைவிடக் கூர்மையானதைக் கிழவியே என் கையில் கொடுத்திருந்தார். உங்களை யாரென்று கேட்டார்கள் மதர் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தாங்க மதர். எளச்சுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

அவர் தன் பருத்த உடம்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தார், பிறகு அழுதார். அழுகை முடிந்ததும் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு போய், வழக்கம்போல பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நான் அவரை மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கிழவி கேட்ட கேள்வி இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு அந்தச் சாவி மறுபடி ஸ்ரீரங்கம் போகட்டும், அன்றைக்குச் சொல்கிறேன்.