ஆறுதலாய்ச் செய்யுங்கோ

போன வெள்ளிக்கிழமை காலை. ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் டி-பானே மெட்ரோ ரயிலில் ஏறியதும் போனில் ஒரு மெசேஜ்: 'உங்க ஆறுதலுக்கு ரொம்ப நன்றி மேடம். என் வேலை போனாலும் மறக்க மாட்டேன்.'

நான் யாருக்கு ஆறுதல் சொன்னேன்?

அனுப்பியவர் கோயம்புத்தூர் செல்வி. நேரில் கண்டதில்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்குத் தகவல்களை மாற்றும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று இன்டர்நெட்டில் விட்டிருக்கிறேன். செல்வி அதை ஒரு கிளினிக்குக்காக ஓடவிட, பாதியில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை வரவேண்டிய நோயாளிகளின் விபரமெல்லாம் அதற்குள்! முந்தின நாள் புரோகிராமின் உதவிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். அட, தமிழ்ப் பெயர்... உற்சாகத்தில் தமிழிலேயே பதில் போட்டேன் — 'ஆறுதலாய்ச் செய்யுங்கோ.'

எங்கள் யாழ்ப்பாணத்தில் அதற்கு மெதுவாக, அவசரப்படாமல் என்று அர்த்தம். கோயம்புத்தூரில்?

அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் கூப்பிட்டேன்.

"என்ன செல்வி, ஏன் வேலை போகுது?"

"டேட்டா போயிடுச்சே மேடம். நீங்களே ஆறுதல் சொல்லிட்டீங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஐயோ, ஒண்டும் போகேல்லை! பழைய கம்ப்யூட்டரிலை எல்லாம் அப்பிடியே இருக்கு. ஒரேயடியாய் ஏத்தாமல் நூறு நூறாய் ஏத்துங்கோ."

"நேத்துல இருந்து சாப்பிடல மேடம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒஸ்லோவில் முதல் வேலையில் நானும் இப்படித்தான் ஒருநாள் எல்லாம் போய்விட்டது என்று பயந்துபோய் இருந்தேன். பக்கத்து மேசை நோர்வேஜியர், "டா டெ மெ ரூ" என்றார். பதறாதே, மெதுவாகச் செய் — இரண்டும் அதற்குள் உண்டு. சொன்னவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முடியும்வரை பக்கத்தில் இருந்தார்.

நான் கோயம்புத்தூருக்குச் சொல்லை மட்டும் அனுப்பியிருக்கிறேன். கதிரையை அனுப்பவில்லை.

சரி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். செல்வி நூறு நூறாக ஏற்ற ஏற்ற, நான் லைனில் இருந்தேன். எத்தனை ட்ரெயின் போனதோ தெரியாது. "வந்துருச்சு மேடம், எல்லாம் வந்துருச்சு!" என்று அவர் கத்தியபோது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கத்தியது போனில் அல்லவா, இவர்களுக்கு எப்படிக் கேட்டது? ஓம்... நானும் கத்தியிருக்கிறேன்.

நேற்று அந்த உதவிப் பக்கத்தைப் பார்க்கிறேன் — பிரேசிலில் யாரோ அதே இடத்தில் மாட்டி நிற்க, நான் பார்ப்பதற்குள் செல்வி பதில் எழுதியிருக்கிறார். நூறு நூறாக ஏற்றும் வழியை விளக்கிவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'பயமாக இருந்தால் கூப்பிடுங்கள்.'

புரோகிராம் எழுதிய எனக்கு எழுதத் தோன்றாத வரி!