ஏலத்தில் விரல் தூக்கினவர்

ஆட்டுப் பட்டிக்குள் கால் வைக்குமுன் இஸ்ஸதீன் நானா செருப்பைக் கழற்றி வேலியோரமாக வைத்துவிடுவார். சேறும் புழுக்கையும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போய், ஆட்டைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி நிற்பார். ஒரு நிமிடம் போகும், இரண்டு நிமிடம் போகும். ஆடு தானாகவே மெல்ல வந்து அவருடைய சாரத்தின் விளிம்பை முகர்ந்து பார்க்கும். அதன் பிறகுதான் அவருடைய கை நீளும்.

"நாம போய்ப் புடிச்சா அது மூச்ச இழுத்துக் கட்டிக்கொள்ளும் டீச்சர். அதுவா வந்தா உள்ளத உள்ளபடி காட்டும்."

கை முதலில் முதுகெலும்பில் இறங்கும். நாலு விரலால் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் அளந்து, நெஞ்சுக்கடியில் ஒரு தரம் தூக்கிப் பார்த்து, வாலடியில் முடியும். அவ்வளவுதான். "இருவத்திமூணு" என்பார். தராசில் ஏற்றினால் இருபத்துமூன்றில் முள் நிற்கும், அல்லது அரைக் கிலோ கூடக்குறைய இருக்கும். பதினொரு வருடமாக வெள்ளவத்தைச் சந்தையிலுள்ள அவருடைய இறைச்சிக் கடையில் வாங்குகிறேன். எனக்கு ஒரு கிலோ வெட்டி வைத்தால், தராசு அந்த வெட்டை உறுதிப்படுத்தத்தான் இருக்கிறது.

அறுபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். ஒல்லியான உடம்புக்குப் பொருந்தாத அகன்ற கைகள். பிளேன்டீ குடிக்கும்போது சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொள்வார். அவசரப்படுத்தும் வாடிக்கையாளரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். மனிதரோடு தமிழில் கதைப்பவர், ஆட்டோடு மட்டும் சிங்களத்தில் கதைப்பார். ஏனென்று கேட்டேன். "எல்லாம் குருநாகல் பக்கத்தால வார சாமான். புதுப் பாச படிக்க அதுகளுக்கு எங்க நேரம்?" என்றார். சிரிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது.

வருடத்தில் ஒரு நாள் அவர் கடை பூட்டியிருக்கும். வத்தளையில் ஒரு தேவாலய மைதானத்தில் இளைஞர் கழகம் நடத்தும் வளர்ப்பாட்டு ஏலத்துக்குப் போய்விடுவார். கழகம் ஆறு மாதத்துக்கு முன் பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டிகளைக் கொடுக்கும். பிள்ளைகள் வளர்த்து, குளிப்பாட்டி, கழுத்தில் ரிபன் கட்டிக் கொண்டுவந்து ஏலத்தில் விடுவார்கள். வருகிற பணம் பிள்ளைக்கு. ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் பிள்ளைகளின் முகத்துக்காகக் கூட்டிக் கேட்பது வழக்கம். இஸ்ஸதீன் நானா அப்படிக் கேட்பதில்லை. ஆட்டின் பெறுமதி எதுவோ அதற்கு மேல் ஒரு ரூபாய் போகமாட்டார். வாங்கிய பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, ஏன் இந்த விலை, எங்கே நல்லாக வளர்த்திருக்கிறாய், எங்கே விட்டுவிட்டாய் என்று சொல்லுவார்.

"பாவம் பாத்து வாங்கினா, புள்ளகளுக்கு ஆட்டுட வெல தெரியாமப் போற டீச்சர். பாவம் பாக்கிறதுட வெலதான் தெரியும்."

ஆனாலும் அங்கே எல்லாப் பிள்ளைக்கும் நானா தங்கள் ஆட்டுக்கு விரல் தூக்க வேண்டும் என்றுதான் ஆசை. அதை நான் கண்ணால் கண்டது போன வருடம். எடைச் சீட்டு எழுத ஆள் வேண்டுமென்று கழகத்தில் கேட்டார்கள். போய் உட்கார்ந்தேன்.

பதினேழாவதாக வந்தது துஷாந்தினியின் ஆடு. ஹெந்தளைப் பிள்ளை. பதினாலு வயது, இரட்டைப் பின்னல், பாடசாலைச் சப்பாத்து. பழுப்பு நிறக் கிடாய்க்கு டொபி என்று பெயர் வைத்திருந்தாள். தராசு இருபத்தொன்பது காட்டியது. அன்றைய ஆடுகளில் அதுதான் கூட. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானா பட்டிக்குள் போனார், நின்றார், தொட்டார். வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மெசின் இருவத்தொம்பது சொல்லுது. என்ட கைக்கி இருவத்தாறு. மிச்சம் வகுறு."

ஏலம் விடுபவர் ரெனால்ட். தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் குரல். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கூவினார். நானா வழக்கம்போல வேறெங்கோ பார்த்தபடி சுட்டுவிரலைத் தூக்கினார். இருபத்தாறு கிலோவுக்கான விலை. நானா குறைத்துக் கேட்டதைப் பார்த்து, அதற்கு மேல் ஒருவரும் போகவில்லை. "எகய், தெகய், துனய்!" ஒன்று, இரண்டு, மூன்று என்று சிங்களத்தில் எண்ணி ரெனால்ட் மேசையில் தட்டினார். நான் எழுதினேன்.

துஷாந்தினி கயிற்றை நானாவிடம் கொடுக்க நடந்து வந்தாள். பாதி வழியில் ஆடு நின்றது. பின்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு முழங்கால் மடிந்து அப்படியே சரிந்தது. அதன் இடப்பக்க வயிறு கண்ணுக்கு முன்னாலேயே உப்பிக்கொண்டு வந்தது. நாக்கு வெளியே தள்ளியது.

நானா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. நானும் எழுந்து பின்னால் போனேன். குந்தியிருந்து உப்பிய இடத்தில் விரலால் சுண்டினார். காற்றடித்த பந்தைச் சுண்டியது போலச் சத்தம் கேட்டது.

"புள்ள, இதுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்டும் குடுக்கேல்ல, அங்கிள்."  முதல் நாள் மாலைக்குப் பிறகு ஆடுகளுக்குத் தீனி வைக்கக்கூடாது, வைத்தால் பிள்ளையின் பெயர் வெட்டப்படும் என்பது கழகத்தின் சட்டம். அது எல்லாருக்கும் தெரியும்.

நானா குரலை உயர்த்தவில்லை. "நான் ஆருக்கும் கோள் சொல்றதுக்குக் கேக்கல்ல மகள். இதுட வகுத்துக்குள்ள என்ன ஈக்கிதெண்டு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சாத்தான் கை வெக்கேலும்."

அவள் அழத் தொடங்கினாள். "பாண். ரெண்டு றாத்தல். பிறகு சோறும். விடிய அஞ்சு மணிக்கு. கடைசி நாள் எண்டு... டொபிக்குப் பாண் எண்டால் உயிர், அங்கிள்."

இரண்டு முழு ரொட்டி, அதற்கு மேல் சோறு. நானா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"சரி. தண்ணி குடிச்சதா?"

"ஓம். நிறைய."

நானாவோடு வந்திருந்தவர் ரிஸ்கான், மருதானையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் இளைஞர். குனிந்து நானாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "நானா, மவுத்தாகிட்டா எறச்சி ஹராம். மூச்சு ஈக்கக்குள்ள அறுத்துடுங்கொ. சல்லி சும்மா போற."

"சீக்குச் சாமான அறுத்து ஆருக்குத் தின்னக் குடுக்கிற?" என்றார் நானா, தலை நிமிராமல்.

ரெனால்ட் வந்தார். முகம் வெளிறியிருந்தது. "நானா, இந்த ஏலத்தை நாங்கள் கென்சல் பண்ணுவம். உங்களுக்கு நட்டம் வேண்டாம். பிள்ளை பிழை விட்டிட்டா."

"புள்ள விட்ட பெழ இல்ல. என்ட பெழ." நானா தன் வலக்கையை விரித்து ரெனால்டுக்குக் காட்டினார். "இது சொல்லிச்சி, வகுறு கூட எண்டு. நான் வெலயக் கொறச்சிக் கேட்டன். நோய் எண்டு நெனைக்கல்ல. வெரலத் தூக்கினது நான். என்ட ஆடு. நீங்க போய் அடுத்த ஆட்டக் கூப்புடுங்கொ."

ரெனால்ட் போகவில்லை. யாரும் போகவில்லை. கையில் போன் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனை இறக்கினார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் மண்மேடு ஒன்று இருந்தது. நானாவும் ரிஸ்கானுமாக ஆட்டைத் தூக்கிக்கொண்டுபோய், முன்னங்கால்கள் மேட்டிலும் பின்னங்கால்கள் பள்ளத்திலுமாக நிறுத்தினார்கள். வேலியிலிருந்து ஒரு கம்பை முறித்து ஆட்டின் வாய்க்குக் குறுக்கே வைத்து, தோளில் கிடந்த துவாயைக் கிழித்துக் கொம்புகளுக்குப் பின்னால் கட்டினார். கம்பை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறும், காற்று மேலே வர வழி கிடைக்கும் என்றார். "மகள், தலயப் புடிங்கொ. ஒங்கட மணம் அதுக்குத் தெரியும்." துஷாந்தினி சப்பாத்தோடு சேற்றில் முழங்காலிட்டுத் தலையைப் பிடித்தாள்.

வடைக் கடை போட்டிருந்த மயிலம்மா கேட்காமலே தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் அப்பச்சோடாப் பைக்கற்றையும் கொண்டுவந்தாள். சோடாவைத் தண்ணீரில் கரைத்து எண்ணெயோடு சேர்த்துக் குலுக்கினார் நானா. வாயின் ஓரத்தால், கன்னத்துக்குள், ஒரு மிடறு மட்டும் ஊற்றினார். காத்திருந்தார். தொண்டை அசைந்ததும் அடுத்த மிடறு. அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடுமாம். அந்தப் போத்தலில் கால்வாசி உள்ளே போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒவ்வொரு மிடறுக்கும் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்த்து.

பிறகு இரண்டு கைமுட்டியாலும் இடப்பக்க வயிற்றைக் கீழிருந்து மேலாகப் பிசையத் தொடங்கினார். மாப் பிசைவதுபோல வேகமாக அல்ல. ஆட்டின் மூச்சோடு சேர்ந்து, அது மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தி. "எஹெம தமா, எஹெம தமா" என்று, அப்படித்தான், அப்படித்தான் என்று, அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினொன்றரை மணி வெயில். சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. இரண்டு தரம் ஆட்டின் கண் மேலே சொருகியது. இரண்டு தரமும் துஷாந்தினி "டொபி!" என்று கத்தினாள். இரண்டு தரமும் நானாவின் கை நிற்கவில்லை.

தூரத்துப் பள்ளிவாசலில் லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, பாங்கு சொன்னார்கள். "ரிஸ்கான், நீ போய்த் தொழுதிட்டு வா. நான் பொறகு" என்றார். ரிஸ்கான் நகரவில்லை. குந்தியிருந்து, நானாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார்.

அப்போதுதான் வந்தது அந்தச் சத்தம். அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, கழுத்து நெடுகக் குலுங்கி, வாயால் வெடித்த நீளமான ஏப்பம். புளித்த பாண் நாற்றம் எங்கள் எல்லார் முகத்திலும் அடித்தது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று. வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தேவாலயப் படியில் நின்ற கன்னியாஸ்திரி ஒருவர் சிலுவைக் குறி போட்டார்.

"ஷ்! பயந்துபோகும்" என்றார் நானா. மைதானம் அடங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

ஆடு நாலு காலில் நின்றது. கம்பை அவிழ்த்துவிட்டார். துஷாந்தினி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டாள்.

"அங்கிள், இனி டொபியை வெட்ட மாட்டீங்கள்தானே?"

அந்த நேரத்தில் அவர் என்ன சொன்னாலும் கூட்டம் கை தட்டியிருக்கும். ஒரு பொய் போதும். நானா துவாயின் மிச்சத்தால் கையைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே குந்தினார்.

"மகள், நான் எறச்சிக் கடக்காரன். ஒங்களுக்குப் பொய் சொல்ல ஏலா. இது நல்லாச் சொகமாகுற வரைக்கும் என்ட வீட்டுப் பின்பக்கத்தில ஈக்கும். நான்தான் தீனி வெப்பன். அதுக்குப் பொறகு அறுக்குற மடுவத்துக்குப் போகும்."

அவளுக்குக் கண்ணீர் வடிந்தது, ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"அதுக்கு நோகுமா?"

"இண்டைக்கி நொந்த மாதிரி நோகாது. என்ட கையாலதான். அத நான் ஒங்களுக்குச் சொல்லேலும்."

அவள் கயிற்றை எடுத்து, முடிச்சை ஒரு தரம் சரிபார்த்து, அவர் கையில் வைத்தாள். "காதுக்குப் பின்னால சொறிஞ்சால் பேசாமல் நிற்கும், அங்கிள்" என்றாள். நானா தலையாட்டினார். கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் விஷயத்தைக் கேட்டுக்கொள்பவர்போலக் கவனமாகத் தலையாட்டினார்.

நான் மேசைக்குத் திரும்பிச் சீட்டைப் பார்த்தேன். துஷாந்தினியின் பெயர் அப்படியே இருந்தது. ரெனால்ட் என்னைத் தாண்டிப் போகையில் அந்த வரியைப் பார்த்தார். அதை வெட்டச் சொல்லாமல் மைக்கை எடுத்துப் பதினெட்டாவது ஆட்டைக் கூப்பிட்டார்.

லொறி வர மூன்று மணியாகும் என்றார்கள். வயிறு இறங்கிய ஆட்டை உடனே நடத்தக்கூடாது என்று நானா அதை மேட்டடியிலேயே படுக்க விட்டிருந்தார். அங்கே மரமில்லை. பந்தலுக்குள் அவருக்குக் கதிரை போட்டு, சோடாவும் திறந்து வைத்துக் கூப்பிட்டார்கள். "வாரன், வாரன்" என்றார், வரவில்லை. ஆட்டுக்கும் வெயிலுக்கும் நடுவில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி நின்றார். அவருடைய ஒல்லி நிழல் ஆட்டின் தலைமேல் விழுந்திருந்தது. வெயில் சாயச் சாய, அரை அடி, அரை அடியாக நகர்ந்து நின்றுகொண்டார்.