மூன்று ‘ஜி’

ஓர் எழுத்தை வரைந்து முடித்ததும் மெரின் தாளைத் தலைகீழாகத் திருப்புவாள். இடது கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, சற்று நேரம் பார்ப்பாள். பிறகு செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல அளவுகோல் முனையால் அதை மேசையிலிருந்து தள்ளிவிடுவாள். கையால் தொடமாட்டாள்.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் அவள் கணவன் பெவனுக்கு ஒரு சைக்கிள் கடை. அதன் பின்னறையில்தான் அவளுடைய வேலை. அந்த வாரம் தரை முழுக்க ஆங்கிலச் சின்ன ‘ஜி’.

இதுவரை பிறர் கடைப் பலகைகளுக்கு வரைந்தவளுக்கு முதன்முறையாகத் தன் பெயரில் ஓர் எழுத்துரு வரப்போகிறது. கையெழுத்தாகவே தெரியவேண்டும், அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வடிவம் வேண்டும் என்றது சிட்னி நிறுவனம். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் கணினி மாற்றி மாற்றிப் போடும். மற்றதெல்லாம் அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் ‘ஜி’ வராவிட்டால் வேறு ஆளை வைத்து, வேறு பெயரில் முடித்துக்கொள்வார்கள்.

முதல் ‘ஜி’ ஒரே மூச்சில் வந்துவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்தவைதான் குமட்டின. ஒன்றுக்கு, தின்று கொழுத்த தொப்பை. இன்னொன்றின் வால் சாக்கடைத் துளையில் சிக்கிய மயிர். வேண்டுமென்றே நடுங்கவிட்ட கோடுகள், நொண்டாதவன் நொண்டிக் காட்டுவதுபோல. இடது கையால் வரைந்தாள். அதுவும் நடிப்புதான்.

பெவன் டீயோடு வந்து குனிந்தான்.

“இது நல்லாத்தானே இருக்கு?”

“சீ. நாய் கக்கி வச்ச மாதிரி இருக்கு.”

“எந்த நாய்னு சொல்லு, அதையே வேலைக்கு வச்சுக்கலாம்.”

“போய் பஞ்சர் ஒட்டு, பெவன்.”

ஜன்னல் வழியே நாற்றம் அடித்தது. பக்கத்து வீட்டு லாய்ட் ஸ்காலப் சிப்பி உடைத்து, குடலையெல்லாம் மூடாத குப்பைத் தொட்டியில் கொட்டியிருந்தார். வெயிலில் அது பொங்கிக்கொண்டிருந்தது. மெரின் அட்டைப்பெட்டியைக் கிழித்து, வரைந்துகொண்டிருந்த தூரிகையாலேயே விறுவிறுவென்று எழுதினாள்: நாறுகிறது, அழுகுகிறது, புழு நெளிகிறது, மூடித் தொலையுங்கள். ஆங்கிலத்தில் அப்படித் திட்டினால் எல்லாம் ‘இங்’ என்று முடியும், சொல்லுக்கொரு ‘ஜி’ விழும்.

தொட்டியில் ஒட்டப் போனவள் அட்டையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். லாய்ட் வெளியே வந்தார்.

“என்னம்மா, எனக்குத்தானே எழுதியிருக்க? ஒட்டு, படிக்கிறேன்.”

“இல்ல, இது எனக்கு வேணும். நீங்க மூடிய மட்டும் போடுங்க.”

“திட்டுறதயும் திரும்ப எடுத்துட்டுப் போற ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

அட்டையில் ஒரு ‘ஜி’போல இன்னொன்று இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே கை. இத்தனை நாளும் ஒன்றைப் பார்த்து ஒன்றை வரைந்து, தன்னைத்தானே காப்பியடித்திருக்கிறாள். சொல்லாக எழுதி, அதிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும்.

இரண்டைப் பிடுங்கினாள். சிட்னியில் ஒப்புக்கொண்டார்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குடல் வாடை அடித்தது என்பது வேறு விஷயம்.

எழுத்துரு வெளியாகிப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோரின் கணினியில் அந்த மாற்றிப் போடும் வசதி அணைந்தே கிடந்தது. அவர்கள் பார்த்ததெல்லாம் முதல் ‘ஜி’ மட்டும்தான்.