மஞ்சள் கேபிளில் காய்ந்த மஃப்ளர்

அரக்கு நிறத்தில் ஒரு கம்பளி மஃப்ளர். ஓரத்தில் ஓர் இழை பிரிந்து தொங்கும். அதை நான் முதன்முதலாக உற்றுப் பார்த்தபோது அது யார் கழுத்திலும் இல்லை. இரண்டு சர்வர்களுக்கு நடுவே ஓடிய மஞ்சள் கேபிளின் மேல், கொடியில் உலர்த்திய துணி மாதிரி சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பனியில் நனைந்த கம்பளி வாசனை அறை முழுக்க அடித்தது. மஃப்ளரின் கனத்தில் கேபிளின் ஒரு முனை தன் துளையிலிருந்து அரை விரற்கடை வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான். அந்த அரை விரற்கடையில் ஓர் அரசு அலுவலகத்தின் முற்பகல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இன்றைக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மஃப்ளர் மேடத்துடையது. அவர் அந்த அலுவலகத்தின் துணை இயக்குநர். கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, நடந்து போகும் தூரத்திலேயே வேலையும் கிடைத்து, தில்லியைவிட்டு நகராமல் ஐம்பதைத் தொட்டவர். பெற்றோரின் ஊரான கும்பகோணத்தைக் கல்யாணங்களுக்குப் போய்ப் பார்த்ததோடு சரி. ஆனால் வாயைத் திறந்தால் கும்பகோணம் அப்படியே வரும், நடுநடுவே அச்சாவும் ஜல்தியும் கலந்து. நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒரு சின்ன கம்பெனியின் ஒப்பந்தப் பொறியாளன். என்னை அவர் "இன்ஜினியர் சார்" என்று கூப்பிடுவார். அந்த "சார்" மரியாதையா கிண்டலா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அரசு ஊழியர்களுக்கு வீடு ஒதுக்கும் அலுவலகம் அது. நான்காம் மாடியில் இருப்பவர், அம்மாவால் படி ஏற முடியவில்லை, கீழ்த்தளம் வேண்டும் என்று எழுதிக்கொடுப்பார். அப்படி மாற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே விதிதான்: முதலில் வந்தவருக்கு முதலில். விண்ணப்பத்தைக் கவுண்டரில் கொடுத்ததும் கணினி ஒரு வரிசை எண் தரும். அந்த எண்தான் எல்லாம். அதைத் தரும் பழைய கணினிகள் ஓர் அறை நிறைய உறுமிக்கொண்டிருந்தன. இரண்டாயிரமாவது ஆண்டுகளின் நடுவாக்கில் அவை ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியபோது மேடம் கோப்பில் ஒரு யோசனை எழுதினார்: இரண்டே இரண்டு பெரிய சர்வர்கள் போதும், அவற்றில் லினக்ஸ் ஏற்றி, பழைய கணினிகளையெல்லாம் வர்ச்சுவல் மெஷின்களாக உள்ளே குடிவைத்துவிடலாம். கட்டடம் ஒன்று, உள்ளே வீடுகள் பல. வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கட்டடம் விழுந்தால் அதிலிருந்தவர்களை அடுத்த கட்டடம் உடனே ஏற்றுக்கொள்ளும். அதற்காக இரண்டு சர்வர்களும் மஞ்சள் கேபிள் வழியாக விடாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும்: இருக்கிறாயா? இருக்கிறேன். ஒன்றில் எழுதுவது அதே கேபிள் வழியாக மற்றதிலும் பிரதியாகும்.

இயக்குநருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஓடவிட்டு ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். கோளாறு தென்பட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுக் கவுண்டர்கள் மறுபடி காகிதத்துக்குப் போய்விடும். காகிதக் காலத்தில் யார் எண் யார் எண்ணுக்கு முன்னால் வரும் என்பது யாரை யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது. அதை ஒழிக்கத்தான் மேடம் இத்தனை பாடுபட்டார்.

நிறுவிய கதையைச் சொன்னால் என் மானம் போகும், போகட்டும். அந்த மென்பொருள் அப்போது புதிது. சரியான கையேடு கிடையாது. இணையத்தில் முகம் தெரியாத யாரோ எழுதிவைத்த குறிப்புகள்தான் துணை, அதிலும் பாதி "எனக்கும் இதே பிரச்சினை" என்று முடியும். முதல் நாள், நெட்வொர்க்கை மாற்றி அமைக்கும் கட்டளையை அந்த நெட்வொர்க் வழியாகவே கொடுத்தேன். கட்டளை போனது. பதில் வரவில்லை. வரவும் முடியாது, பதில் வரும் வழியைத்தான் நான் மூடச் சொல்லியிருந்தேன். மாடியிலிருந்து சர்வர் அறைக்கு ஓடிய என்னைப் பார்த்து, நிலநடுக்கம் என்று நினைத்து இரண்டு பேர் என் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

மேடம் தேநீர் டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வர்ச்சுவல் மெஷினை, நிறுத்தாமலே, ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக் காட்டினேன். கைதட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அச்சா. இங்கேர்ந்து அங்க போறதே, போறச்சே அது எங்க இருக்கும்?"

"ரெண்டு எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கும், மேடம்."

"கொஞ்சம் கொஞ்சமா இருக்கறதுக்கு அது என்ன நம்ம செக்‌ஷன் ஆளா? சரியா யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். தெரியவில்லை. அந்த மென்பொருளை நிறுவுகிறவனே நான்தான், ஆனாலும் தெரியவில்லை. இது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

ஒரே ஒரு சாமான் மட்டும் பாக்கி இருந்தது. ஒரு சர்வர் மற்றதன் மின்சாரத்தைத் துண்டிக்க உதவும் பெட்டி. சந்தேகம் வந்தால் எதிராளியை அணைத்துவிட்டு, அப்புறம்தான் அவன் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி வந்திருந்தது. சாமான் அறையைக் கவனிக்கும் ஸ்டோர் பாபு தரவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் பிளக் செருகும் துளைகளை எண்ணினார். "யே தோ எக்ஸ்டென்ஷன் போர்டு ஹை, பையா. ஆப்கே செக்‌ஷன் கா கோட்டா கதம்." எங்கள் பிரிவுக்கு அந்த வருஷத்து எக்ஸ்டென்ஷன் போர்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதாம். அது வரும்போது வரட்டும் என்று ஓடவிட்டோம்.

ஓடவிட்ட அந்த வாரம்தான் குளிர் உச்சத்துக்கு வந்தது. தில்லி அலுவலகங்களில் ஜனவரி மாதம் மதியம் யாரும் நாற்காலியில் இருக்கமாட்டார்கள். புல்வெளியில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்து, ஸ்வெட்டர் பின்னுவார்கள். பனிமூட்டத்தில் சூரியன் தலைகாட்டாத நாட்களில் என்ன செய்வது? எங்கள் அலுவலகத்தார் கண்டுபிடித்தது சர்வர் அறையின் பின்பக்கம். சர்வர்கள் வெளியே தள்ளும் சூடான காற்று, பத்து ஹீட்டருக்குச் சமம். நான் பின்னால் போனால் அங்கே கடலைத் தொலியும் கையுறைகளும் பாதி பின்னிய ஸ்வெட்டரும் கிடக்கும். "இங்கே யாரும் வரக்கூடாது" என்று பலகை மாட்டினேன். பலகையின் ஆணியில் யாரோ தொப்பியை மாட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எதிரே வருபவர் முகம் தெரியாத பனி. முற்பகலில் கவுண்டர்ப் பக்கம் பெரும் சத்தம். ஓடினேன். ஒரு காவல்துறை ஏட்டும், கோல் மார்க்கெட்டில் குடியிருக்கும் நம்மூர் தட்டச்சர் அம்மா ஒருவரும் சீட்டை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யே மேரா நம்பர் ஹை, பெஹன்ஜி."

"அதெப்படி உங்க நம்பர்? யே தேக்கோ! மெஷின் குடுத்தது!"

இரண்டு சீட்டிலும் ஒரே எண். கீழ்க் கவுண்டரில் ஒருவருக்கு, மேல் கவுண்டரில் ஒருவருக்கு. சர்வர் அறைக்குப் போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மஃப்ளர்.

நடந்தது இதுதான். கேபிள் நழுவியதும் இரண்டாவது சர்வருக்கு முதலாவதன் குரல் கேட்கவில்லை. செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி அதன் வேலையைத் தானும் தொடங்கிவிட்டது. முதலாவது சாகவே இல்லை. ஒரே மெஷின், ஒரே பெயர், ஒரே முகவரி, இரண்டு உயிர். கீழ்க் கவுண்டர் முதலாவதோடும் மேல் கவுண்டர் இரண்டாவதோடும் பேசிக்கொண்டிருந்தன, இரண்டும் தனித்தனியாக எண் கொடுத்துக்கொண்டிருந்தன. இனி இரண்டையும் சேர்க்க முடியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதன் முற்பகலை அழிக்க வேண்டும்.

மேடத்திடம் இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. நாக்பூருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்றுகூட மனசு ஒரு பக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. நாக்பூரில் எனக்கு யாருமே இல்லை. அவர் மஃப்ளரைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார்.

"என்னோடதுதான். வரச்சே நனைஞ்சு போச்சு, நான்தான் போட்டேன்," என்றார். உடனே அவர் முகம் மலர்ந்தது. பயப்பட வேண்டிய நேரத்தில் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "இருங்கோ. ஃபோனை எடுக்கலைன்னா செத்துட்டான்னு அர்த்தமா? சார்ஜ் ஒப்படைக்காம இன்னொருத்தன் நாற்காலில உக்காரலாமோ? கவர்ன்மெண்ட்ல அது நடக்கவே நடக்காதே!"

"அதுக்குத்தான் மேடம் அந்தப் பெட்டி. ஸ்டோர்ல..."

"எக்ஸ்டென்ஷன் போர்டா! அதுவா இது?"

தானே ஸ்டோருக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது; பெட்டியோடு வந்தார். ஸ்டோர் பாபு அடுத்த சில நாட்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்.

பெட்டி கிடைத்துவிட்டது, அழிந்துபோகும் எண்களுக்கு என்ன செய்வது? மேல் கவுண்டரில் எண் வாங்கியவர்களை இனி எந்த வரிசையில் செருகுவது? நேர்மையாக ஒரு வரிசை எண் தருவதற்காகத்தான் இந்த வேலையே. மேடம் ஏட்டையும் தட்டச்சர் அம்மாவையும் கூப்பிட்டு, தப்பு தன் மஃப்ளருடையது என்று இந்தியிலும் தமிழிலும் சொன்னார். அவர்கள் சண்டையை மறந்து மஃப்ளரைப் பார்த்தார்கள். அப்புறம் மேடம் ஏட்டிடம் கேட்டார்: "ஆப் கிஸ்கே பீச்சே தே?" யாருக்குப் பின்னால் நின்றீர்கள்?

தில்லியில் வரிசையில் நிற்கும் யாருக்கும் தனக்கு முன்னால் நின்ற முதுகு மறக்காது. டீ குடிக்கப் போனாலும் "நான் இவர் பின்னால்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஏட்டு, கொஞ்சம் தயங்கி, தட்டச்சர் அம்மாவைக் காட்டினார். வாசலில் நின்றது ஒரே வரிசை. உள்ளே வந்தபிறகுதான் படிக்கட்டில் இரண்டாகப் பிரிந்திருந்தது. தட்டச்சர் அம்மா பச்சைச் சால்வை போட்ட ஒருவரைச் சொன்னார். பச்சைச் சால்வை புல்வெளியில் கடலை தின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு சர்தார்ஜியைச் சொன்னார். பனிக்குள் மேடமும் நானும் முதுகு முதுகாகப் பிடித்துக்கொண்டே போய் முற்பகலின் வரிசையைத் திரும்பக் கட்டினோம். வீட்டுக்குப் போய்விட்ட சிலரை அடையாளம் சொல்லி, மற்றவர்களே அவரவர் இடத்தில் வைத்தார்கள். யாரும் தன்னை ஓர் இடம்கூட முன்னால் நகர்த்திக்கொள்ளவில்லை. பின்னால் நின்றவர் பக்கத்திலேயே இருக்கும்போது எப்படி நகர்த்த முடியும்!

மேல் கவுண்டரின் முற்பகலை அழித்தேன். பெயர்களைப் புதிதாக ஏற்றினோம். பெட்டியைப் பொருத்தி முடிக்கவும் இயக்குநர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

மூடி மறைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். மேடம் காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இயக்குநரின் உதடு ஒரு பக்கமாக வளைந்தது. அதற்குள் மேடம் கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றி, குழாயடியில் நனைத்து வந்து, நிதானமாக மஞ்சள் கேபிளின் மேல் போட்டார். பிழிந்துகூடப் போடவில்லை.

கேபிள் நழுவியது. என் மனசில் ஒரே பயம். சில நேரம் இரண்டு சர்வரும் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடும் என்று படித்திருந்தேன். அப்படி நடந்தால் எஞ்சுவது மஃப்ளர் மட்டுமே. ஒரு சர்வரின் விளக்குகள் அணைந்தன. கவுண்டர்த் திரைகள் உறைந்தன. நான் சர்வர் அடுக்குக்குப் பின்னால் போய், காரணமே இல்லாமல், கீழே கிடந்த யாரோ ஒருவரின் வேர்க்கடலையை எடுத்துத் தின்ன ஆரம்பித்தேன். இரண்டாவது சர்வரின் விசிறி சத்தம் கூடியது. மேலேயிருந்து ஒரு குமாஸ்தா கத்தினார்: "ஆ கயா, ஆ கயா!" திரை வந்துவிட்டது. அடுத்த எண், சரியான எண், ஒரே ஒருவருக்கு.

இயக்குநர் மஃப்ளரைச் சுட்டிக்காட்டினார். "இஸ்கோ ஹட்டாயியே," என்றார். அதை எடுங்கள். காகிதம் திரும்பி வரவில்லை.

சில வருடம் கழித்து மேடத்துக்குப் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தது. பொறுப்பை முறையாக எழுதி ஒப்படைத்துவிட்டு, மஃப்ளரை என் மேஜையில் வைத்தார். "சென்னைல இதை வெச்சுண்டு நான் என்ன பண்ண?" மறுநாள் என் கைப்பேசி அடித்தது. பின்னணியில் சாய்வாலாவின் குரல்.

"இன்ஜினியர் சார், இட்டார்சில நிக்கறது வண்டி. ஒண்ணு தெரிஞ்சுது. நேத்து டெல்லில ரிலீவ் ஆயிட்டேன். மெட்ராஸ்ல இன்னும் ஜாயின் பண்ணலை. இப்ப நான் எந்த ஆஃபீஸ்?"

"எதுவும் இல்ல, மேடம்."

"அதேதான்! அன்னிக்கு நகர்த்திக் காட்டினேளே, அந்த மெஷினும் போறச்சே எங்கயும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரொம்ப நன்னா இருக்கு. ஒரு டீ சொல்லியிருக்கேன்."

இப்போது என் சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. திரையில் நாலு பொத்தானை அமுக்கினால் எங்கோ ஒரு நகரத்தில் கிளஸ்டர் என்னும் சர்வர்க் கூட்டம் எழுந்து நிற்கிறது. அதன் பின்பக்கச் சூட்டில் யாரும் கை காய்ச்சுவதில்லை. ஜனவரிப் பனியில் நனைந்து வீட்டுக்கு வந்தால் மஃப்ளரைக் காயப்போட இடம் தேடுகிறேன். மேஜைக்குக் கீழே இணைய கேபிள் ஒன்று வாகாக, இழுத்துக் கட்டிய மாதிரி போகிறது. ஒவ்வொரு முறையும் கை அதுவரை போகிறது. பிறகு நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போகிறேன்.