கரகம் இறங்கும்வரை

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் கூடையில், ஈரத்துணிக்கடியில் மல்லிகை. அந்த வாசத்தில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டு, அடுகோடி ஏரியாவில் லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய வீட்டு உள்ளறைக்கே மனசால் போய்விட்டேன்.

வருஷா வருஷம் சித்திரையில் அப்பா திரௌபதி அம்மனாகப் புடவை கட்டி, மல்லிகை போர்த்திய கரகத்தைத் தலையில் வைத்து, கை படாமல் தெருத்தெருவாக ஆடுவார். அதற்கு முன் அம்மா தன் தாலியையும் வளையல்களையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிடுவாள். அவற்றைப் போட்டுக்கொண்டவர் அதன்பிறகு அவளுக்குப் புருஷன் இல்லை, அம்மன். அவரைப் பார்க்கக்கூடாதென்று விதவை போல அந்த அறையில் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜன்னலில்லாத அறை, பட்டறை எண்ணெயும் மல்லிகையும் கலந்த வாசம், சலங்கைச் சத்தம் சந்துக்குள் நுழையும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் அவளுடைய வெறுங்கை. கரகம் இறங்கியதும் அப்பா வந்து கதவைத் தட்டி, மறுபடி தாலி கட்டுவார். அம்மா கல்யாணப் பெண் மாதிரி தலைகுனிந்து நிற்பாள்.

அந்த வீடு இருந்த இடம் இப்போது ஒரு அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்.

போன வருஷம் அப்பா தவறியபோது, தாலி கழற்ற வந்த அத்தைகளுக்கு அம்மா வேலை வைக்கவில்லை. தானே கழற்றி, வளையல்களோடு அப்பாவின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"கரகம் எறங்கினதும் கூப்புடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர் ஹாலில் படுத்திருந்தார்.